சிவப்புக் கைப்பிடி வைத்த இரும்பாளு

அவர் முதன்முதலில் என் கடைக்குள் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை, சதுர அடி என்ன விலை என்றும் கேட்கவில்லை. ஷட்டருக்குக் கீழே தலையைக் குனிந்து நுழைந்தார். சுவரைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்து, "செத்த எந்திரிச்சு நில்லு தாயி" என்றார்.

நான் நாலடி ஒன்பது அங்குலம். பள்ளிக்கூடத்தில் பத்து வருடமும் பிரேயர் வரிசையில் முதல் ஆள். உயரத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் அன்றைக்கு ஆடி மாதம், கோயில் கொடைத் திருவிழா ஃப்ளெக்ஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

"எதுக்கு? நான் குள்ளம்னு எனக்கே தெரியும் அண்ணாச்சி. நீங்க வேற அளந்து சொல்லணுமா?"

"அளக்கத்தான் வந்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்துவிட்டார்.

ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்போது நான் டிஜிட்டல் பேனர் கடை வைத்திருந்தேன். இது நடந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் முகம் வைத்துக் கொடுப்பது என் வேலை. மனிதர்களையும் சாமியையும் தவிர வேறு எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் மேசை மேல் விரித்த தாளில் ஒரு ரோபோ நின்றது.

தகரத்தில் அடித்துச் செய்த உடம்பு. மூட்டுக்கு மூட்டு ஆணி. கண்ணுக்குக் குண்டு பல்பு, காதுக்கு ஏரியல், கைக்கு ஸ்பிரிங். நெஞ்சில் பழைய ரேடியோவில் இருப்பது போல நாலு குமிழும் ஒரு முள்ளும். சஞ்சீவி மலைக்கு முன்னால், பருத்திக் காட்டுக்கு நடுவில், பனை உயரத்துக்கு நின்று அது பருத்தி எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கால் பக்கத்தில் ஒரு பெண். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். ரோபோவின் காலில் பதித்திருந்த சிவப்புக் கைப்பிடி ஒன்றின் மேல் அவள் கை இருந்தது.

"இந்தப் பிள்ளைக்குக் கைப்பிடி சரியா தோளுக்கு நேரா வரணும். எனக்கு ஒரு விரக்கடை தப்புதோன்னு சந்தேகம். உன்னைய மாதிரி ஆளு நின்னாத்தான் தெரியும்."

சத்தம் போடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன். தரையிலிருந்து என் தோள்வரை அளந்தார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துச் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "தப்பித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் கழித்து, கைப்பிடியை நூலளவு இறக்கி வரைந்துகொண்டு வந்தார். நான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆள் ஆறடிக்கு மேல். ஊரில் வீட்டு ஒயரிங், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற எலக்ட்ரீசியன். செட்டியார்பட்டியில் வீடு. சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில், சைக்கிள் கேரியரில் பழைய காலண்டர் சுருள். அந்தக் காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் அவருக்குப் படம் போடும் இடம். முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் ரோபோ. ரோபோ என்று சொல்ல மாட்டார். அவருக்கு அது 'இரும்பாளு'.

எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். டீக்கடையில் நின்றால்கூட அப்படித்தான். தொழில் புத்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய பேப்பர் கடைகளில் வருடக்கணக்காகக் கிளறி எடுத்த படங்கள். மங்கிப்போன சிறுவர் பத்திரிகை அட்டைகள், வெளிநாட்டுச் சினிமா விளம்பரங்கள், சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மைகளின் பெட்டிப் படங்கள். பறக்கும் கார், வீட்டுக்குக் காபி கொண்டுவரும் இரும்பு மனிதன், டெலிபோனில் முகம் பார்த்துப் பேசும் பெண், நிலாவில் ரயில். ஒருநாள் பெட்டியோடு வந்து, கல்யாண பேனர் வேலையெல்லாம் ஓரம் கட்டவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இன்னைக்கு நாம எப்பிடி இருப்போம்னு அன்னைக்கு ஒருத்தன் நினைச்சுப் போட்ட படம் தாயி இது அம்புட்டும். முக்கால்வாசி நடக்கல. ஆனா ஒண்ணு பாத்தியா? எல்லாத்துலயும் திருகக் குமிழ் இருக்கு. இழுக்கக் கைப்பிடி இருக்கு. இப்ப நீ கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுக்கியே, அதைப் பாரு. உரிச்ச முட்டை மாதிரி இருக்கு. அதை எங்கன பிடிச்சு நிப்பாட்ட?"

"அது தானா நிக்கும் அண்ணாச்சி."

"தானா நிக்கும்னு சொன்ன எதுவும் தானா நின்னதில்ல" என்றார். சிரிக்காமல் சொன்னார். இந்தப் பிடிவாதத்தால் அவர் இழந்த வேலைகள் கொஞ்சமல்ல. ஒரு கல்லூரி விழாவுக்கு இருபதடி வளைவில் ரோபோ வேண்டும் என்று வந்தார்கள். நான்தான் அவரைக் கைகாட்டினேன். எல்லாம் பிடித்திருந்தது, அந்தச் சிவப்புக் கைப்பிடி மட்டும் பழைய காலத்து அடிபம்பு மாதிரி இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். "எடுத்தா எந்திரமே இல்ல" என்று சொல்லி, தாளைச் சுருட்டிவிட்டார். அந்த ஆர்டர் மதுரைக்குப் போனது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஒரு தடவை மாத்திரம் கைப்பிடி ஜெயித்தது. மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரும் இன்ஜினியர். கல்யாண ஃப்ளெக்ஸில் ஒரு ரோபோ நாதசுரம் வாசிக்க வேண்டும், இன்னொன்று தவில் அடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கேட்டார்கள். இவர் வரைந்து கொடுத்தார். தவில்கார இரும்பாளுக்கு உச்சந்தலையில் குடுமி, நெற்றியில் விபூதிப் பட்டை. அத்தனை அழகு. பெண்ணின் அப்பா வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இடுப்புல என்ன அது, செவப்பா?"

"தவிலை நிப்பாட்டுற கைப்பிடிங்க."

"கெட்டிமேளத்தை எதுக்குய்யா நிப்பாட்டணும்? அபசகுனமா இருக்கே."

"தாலி கட்டி முடிச்ச பொறவும் இவன் அடிச்சுக்கிட்டே இருந்தான்னா யாரு போயி நிப்பாட்டுவா? உங்க வீட்டுப் பெரியாச்சி கைக்கு எட்டுற மாதிரிதான் வச்சிருக்கேன்" என்றார். பெண்ணின் அப்பா அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார். மண்டபத்து வாசலில் எல்லோரும் அந்தக் கைப்பிடி பக்கத்தில் நின்றுதான் செல்ஃபி எடுத்தார்கள்.

அடுத்த வருடம் ஆடிப்பூரத்துக்கு அவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தேன். தேர் ரத வீதியில் திரும்பும் இடம். அத்தனை கூட்டமும் அண்ணாந்து ஆண்டாளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு மேல் தலை தெரிய நின்ற இவர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை. சக்கரம் உருண்டு வரும்போது கட்டையை நீட்டி, கையை எடுத்து, மறுபடியும் நீட்டி, ஆட்களின் முதுகெல்லாம் வேர்வை.

"அண்ணாச்சி, சாமி மேல இருக்கு" என்று கத்தினேன்.

"கும்பிட்டாச்சு. இம்புட்டுப் பெரிய தேரை இழுக்க ஊரே வந்திருக்கு. நிப்பாட்ட ஏழெட்டுப் பேருதான். நான் அவிய கையைப் பாக்கத்தான் வருசா வருசம் வாரேன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "பிரேக்கெல்லாம் வச்சுட்டான். அப்பவும் கட்டைக்காரனை வீட்டுக்கு அனுப்பல பாத்தியா? புத்தியுள்ளவன்" என்றார். தேர் நிலைக்கு வந்து கடைசிக் கட்டை விழும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட மனிதரைத் தேடி சினிமா வந்தது.

சென்னையிலிருந்து நாலைந்து இளைஞர்கள். கூமாப்பட்டி போகும் வழியில் மூடிக்கிடந்த பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஒரு பழைய ஜின்னிங் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்கள் கற்பனை செய்த வருங்காலத்தில் நடக்கிற கதை. ஓர் ஆலைக்குள் ஒரு பெண் தொழிலாளி, நிற்காமல் ஓடும் ஒரு ரோபோவிடம் மாட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான். பேனர் அடிக்க வந்த ஆர்ட் டைரக்டர், தாடி வைத்த பையன், என் கடைச் சுவரில் ஒட்டியிருந்த பருத்தி எடுக்கும் இரும்பாளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "யார் வரைஞ்சது? நாங்க மூணு மாசமா இதைத்தான் தேடிட்டிருக்கோம்" என்றார்.

அண்ணாச்சியை வரவழைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பத்துப் படங்கள் வேண்டும், அதைப் பார்த்து ஒன்றரை ஆள் உயரத்துக்கு ரோபோவைச் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"படத்துல பேரு வருமா தம்பி?"

"கண்டிப்பா சார். தனி கார்டு போடுறோம்."

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். இருபது வருடமாகக் காலண்டர் முதுகில் வரைந்துகொண்டிருந்த மனிதர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கிறுக்கு, மீதிப் பேருக்கு மோட்டார் ரிப்பேர்காரர். திரையில் தன் பெயரைப் படிக்க வேண்டும் என்கிற ஆசை அவருக்குள் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே போய் சைக்கிளில் ஏறப் போனவர், திரும்பி வந்து என்னிடம், "பெரிய எழுத்துல போடுவாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்துப் படமும் வந்தன. நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுநாள் ஆர்ட் டைரக்டர் எனக்குப் போன் செய்தார். படங்கள் பிரமாதம், ஆனால் இந்த ரோபோவை யாராலும் நிறுத்த முடியாது என்பதுதான் கதை, கால் பக்கம் கைப்பிடி இருந்தால் அவள் இழுத்துவிட்டுப் போய்விடுவாளே, அதை மட்டும் நீக்கிவிடச் சொல்ல முடியுமா என்றார்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தாளைச் சுருட்டுவார். கல்லூரி வளைவு போன மாதிரி இதுவும் போகும். அவர் பெயரும் போகும். அதனால் நான் அவரிடம் கேட்கவே இல்லை. பத்துப் படத்திலும் கைப்பிடியை அழித்து, பக்கத்துத் தகரத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டி மூடினேன். அரை மணி நேரம் ஆனது. அவருக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தபோது, ரோபோ செய்கிறவர்களுக்காக ஆளுயரப் படம் ஒன்று என் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸ் மெல்ல மெல்ல வெளியே வந்தது. தலை, நெஞ்சு, இடுப்பு, கால். கால் வந்ததும் அவர் குனிந்து பார்த்தார். கைப்பிடி இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான். அவிய கேட்டாக. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டீகன்னு..."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், கணக்கு முடிந்திருக்கும். "கைப்பிடி இல்லாத எந்திரத்துல என் பேரு வேண்டாம்னு சொல்லிரு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேசை மேல் இருந்த பத்துத் தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் கடையை அடைத்துவிட்டு செட்டியார்பட்டிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன். ஒரு கைப்பிடிக்காக இப்படி ஒரு வாய்ப்பை விடுவாரா ஒரு மனிதர் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அதுவரை நான் மதினியைப் பார்த்ததில்லை. என்னை விட ஓர் அங்குலம் குட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதானா அந்தப் பேனர்க் கடைப் பிள்ள? உன் தோளை வச்சுத்தான் இப்பல்லாம் அளவு எடுக்காகளாம். அதுக்கு முன்ன என் தோளுதான். நின்னு நின்னு காலு வலிச்சுப் போச்சு" என்றார். உள்ளே போய் காபி கொண்டுவந்தார். டம்ளரை இடது கையால் நீட்டினார். வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தவிர மற்றவை இல்லை.

நான் கையைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"பேண்டேஜ் துணிக் கம்பெனியில வேலை பாத்தேன். துணி சுத்துற உருளைக்குள்ள போயிருச்சு" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போல. "சுவிட்சு சுவத்துல இருந்துச்சு. இந்தக் கையை மிஷின் பிடிச்சிருக்கு, அந்தக் கையை நீட்டுறேன், எம்பி எம்பி நீட்டுறேன். ஒரு சாண் எட்டல. பக்கத்து மிஷின்காரி ஓடி வந்து அமத்துறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

நான் அந்தக் கம்பெனிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தேன். குட்டையான பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் சுவிட்சை அவ்வளவு உயரத்தில் எந்தப் புத்தி கெட்டவன் மாட்டினான் என்று கேட்டேன்.

மதினி அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே அண்ணாச்சி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப அங்க இவியதான் எலக்ட்ரீசியன். தன் தோளுக்கு நேரா, வாட்டமா மாட்டிட்டாக. ஒரு பொம்பளையைக்கூட கூப்பிட்டு எட்டுதான்னு கேக்கல. நானும் ஒரு மாசமா அதைப் பாத்துக்கிட்டேதான இருந்தேன், எட்டலன்னு நானும் சொல்லல. விரலு போனது எனக்கு. தூக்கம் போனது அவியளுக்கு. அதுக்குப் பொறவுதான் இந்தப் படக் கிறுக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரை மணி நேரத்தில் நான் ஒட்டி மூடிய தகரம் கண் முன்னால் வந்தது. "அண்ணாச்சி, தப்பு என் மேலதான்" என்றேன். அவர் அடுத்த காலண்டரை எடுத்துச் சுருட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஆர்ட் டைரக்டரின் போன். நான் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். அண்ணாச்சி படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டதையும், இப்போது பக்கத்தில் இருப்பதையும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஆர்ட் டைரக்டர் பதறிப்போனார். அவரும் இரவெல்லாம் அந்தக் கைப்பிடியைத்தான் யோசித்தாராம். கைப்பிடி இருக்கட்டும் சார் என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அடுத்ததையும் சொன்னார்.

"ஆனா சார், அதை மேல கொண்டுபோயிருங்க. நெஞ்சுக்குப் பக்கத்துல. அவ எம்பி எம்பிப் பாக்குறா, எட்டல. கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டல. அதைவிடப் பயம் ஏதாவது இருக்கா?"

அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. படம் எடுக்கிறவனின் புத்தி, அது தானாகவே அங்கே போய் நின்றுவிட்டது. அடுப்படியில் காலண்டர் சுருள் கீழே விழுந்து உருண்டது.

"முடியாது" என்றார் அண்ணாச்சி. "என் கையால இன்னொரு தரம் அதைச் செய்ய மாட்டேன்."

நான் போனை அணைத்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது, மதினி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் முடியாது?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத்தான் தெரியும். இத்தனை வருசமா என் தோளுக்கு நேரா, என் தோளுக்கு நேரான்னு ஆயிரம் படம் போட்டாச்சு. ஒண்ணுலயாச்சும் நடந்தது இருக்கா? எல்லாப் பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நான் அப்பிடியா நின்னேன்?"

"ஏட்டி, சும்மா இரு."

"சும்மா இருந்ததெல்லாம் போதும். வரைங்க. எனக்கு எட்டாத மாதிரியே வரைங்க. ஒரு சாண். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சுவிட்சு மாட்டுற ஒவ்வொருத்தனும் அதைப் பாக்கட்டும். உங்க பேரைப் பெரிய எழுத்துலயே போடச் சொல்லுங்க."

அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. காலண்டர் தாளில் இல்லை, புதுச் சார்ட்டில் வரைந்திருந்தார். அவர் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இரும்பாளின் ஒரு கை அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்திருந்தது. அவள் இடது கையை மேலே நீட்டியிருந்தாள். குதிகால் இரண்டும் தரையில் இல்லை. அவள் நடுவிரலுக்கும் சிவப்புக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் மட்டும் அவர் வண்ணம் பூசவில்லை. வெறும் காகிதம்.

"அந்தப் பிள்ளை ஆளுயரத்துக்கு வார மாதிரி அடிச்சுக் குடு. அவகிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பணும்."

அடித்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். வீட்டு வெளிச்சுவரில் நாலு பக்கமும் ஆணி அடித்து மாட்டினோம். மதினி வெளியே வந்து, படத்துக்கு முன்னால் நின்றார். முந்தானையைச் செருகிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, இடது கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எம்பினார். எட்டவில்லை. அண்ணாச்சி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடி ஆள் அழுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் மதினி, கையை இறக்கி. மூச்சு வாங்கியது. செத்த நேரம் படத்தையே பார்த்துவிட்டு, கீழே மூலையைக் காட்டினார். "இங்கன ஒரு முக்காலி போடுங்க."

"முக்காலியா? அங்க முக்காலி ஏது?"

"அங்க இல்ல. அதான் போடச் சொல்லுதேன். காலுக்கு எட்டுற தூரத்துல கிடக்கட்டும். அந்தப் பிள்ளையாவது தப்பிச்சுப் போகட்டும்."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, மண்டியிட்டு, ஃப்ளெக்ஸ் மேலேயே ஒரு முக்காலி வரைந்தார். மூன்று கால்களும் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன.

முக்காலியையும் சேர்த்தே அனுப்பினேன், ஆர்ட் டைரக்டர் சரி என்றார். அவர்கள் எடுத்த சினிமா தியேட்டருக்கு வரவில்லை. நாற்பது நிமிடத்துக்குச் சுருக்கி இன்டர்நெட்டில் போட்டார்கள். என் கடைக் கம்ப்யூட்டரில்தான் மூன்று பேரும் பார்த்தோம். அந்தப் பெண் எம்பினாள், எட்டவில்லை, எம்பினாள், எட்டவில்லை. பிறகு காலை நீட்டி முக்காலியை ஒரு இழுப்பு இழுத்தாள். மதினி, "ம், இழு இழு" என்று திரைக்குச் சொன்னார். கடைசியில் பெயர்கள் ஓடின. அண்ணாச்சியின் பெயர் தனியாக, நடுவில் வந்தது.

"செத்த நிப்பாட்டு தாயி."

ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். பெயர் அப்படியே நின்றது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல நேரம் எடுத்துப் படித்தார். மதினி முழங்கையால் அவரை இடித்து, "நிப்பாட்டுனா நிக்குதே" என்றார். அவர் சிரித்துவிட்டார். "சரி, ஓடட்டும்" என்றார்.

கிளம்பும்போது அவர் என் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றார். மெயின் சுவிட்ச் சுவரில் என் தலைக்கு மேல் இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து நான் அதை விளக்குமாற்றுக் கட்டையால்தான் தட்டி அணைப்பேன். அது எனக்குப் பழகிவிட்டது. அவர் முதல் நாள் வந்தபோது சுவரைப் பார்த்ததும், என்னை எழுந்து நிற்கச் சொன்னதும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

"அன்னைக்கே பாத்தீகளா? ஏன் சொல்லல?"

"கேக்காம அடுத்தவுக கடையில கை வைக்கக் கூடாதுன்னு இருந்தேன்." டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்தார். "நீ கேக்காம என் கைப்பிடியை எடுத்த. நான் கேக்காம உன் சுவிட்சை இறக்குதேன். சரியாப் போச்சு."

சாயங்காலத்துக்குள் இறக்கிவிட்டார். என் தோளுக்கு நேராக. மேலே பழைய இடத்தில் சிமெண்ட் பூசி, அது காய்வதற்குள் கிளம்பிப் போனார்.

அடுத்த வருடம் இருவரும் திருப்பூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டோடு போய்விட்டார்கள். தொடக்கத்தில் போனில் பேசினோம், பிறகு எண் மாறிப்போனது. இப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிறேன். ரோபோ படம் வரைய யாரும் தேவையில்லை. ஒரு வரி எழுதினால் கம்ப்யூட்டரே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறது, எல்லாம் உரித்த முட்டை. சிவப்புக் கைப்பிடி வேண்டும் என்று எழுதிக் கேட்டுப் பார்த்தேன். சில நேரம் வைக்கிறது. வைத்தாலும் தலைக்கு மேல்தான் வைக்கிறது. அதை நானே இறக்கி வைத்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். என்ன இது என்று கேட்பவர்களுக்குப் பொறுமை இருந்தால் சொல்கிறேன். பெரும்பாலும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

போன மாதம் இந்தக் கடைக்குப் புது மிஷின் வந்தது. ஒயரிங் செய்ய வந்த எலக்ட்ரீசியன் நல்ல உயரம். பென்சிலை எடுத்து, தன் தோளுக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு, "மெயினை இங்க மாட்டிறவாக்கா?" என்றார்.

நான் எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்று, கையைத் தூக்காமல், என் தோளுக்கு நேராக விரலை வைத்தேன்.

"இங்க."

"இம்புட்டுக் கீழயா? பாக்க நல்லா இருக்காதேக்கா. ஒவ்வொரு தரமும் நாங்க குனியணுமே."

"குனியுங்க" என்றேன்.